மனோன்மணீயத்தில் குருவின் மௌனம்

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாக வகுத்துப் பேசுதல் நம்மனோர்க்குத் தொன்றுதொட்ட வழக்கம். ஆயினும், நாடகத் தமிழுக்கு நூல் யாது என்று வினவுவார்க்கு, 1891-ஆம் ஆண்டில் வெளிவந்த மனோன்மணீயத்தையே பெரும்பாலும் எடுத்துக் காட்டுகின்றோம். இதன் ஆசிரியர் திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் தத்துவ சாஸ்திரப் பேராசிரியராய் விளங்கிய ராவ்பகதூர் பெ. சுந்தரம் பிள்ளையவர்கள். 1855-ஆம் ஆண்டில் ஆலப்புழையிற் பிறந்து 1897-ஆம் ஆண்டில், நாற்பத்திரண்டாம் பிராயத்திலேயே, சிவபதம் எய்திய அப்பெரியார், திருஞானசம்பந்த சுவாமிகளைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்று கூறிய மேனாட்டார் கொள்கையை மறுத்து, அவர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் என்று நிறுவியவர். சைவவுலகம் அவர்க்குக் கடப்பாடுடையது.

இந்நூலின் பாயிரத்துள்ள தமிழ்த்தெய்வ வணக்கத்தை அறியாதார் இன்று தமிழ்நாட்டில் இலர். 1970-ஆம் ஆண்டில் அரசினர் அதனை விழாக்களிற் பாடுதற்கு ஏற்றனர். 2021-ஆம் ஆண்டில் மாநிலப் பாடல் என்றும் அறிவித்தனர். பாயிரம் பாடுவார் தொகை பெருகியது. நூலுட் புகுவார் தொகையோ அவ்வாறு பெருகவில்லை. ஐந்து அங்கமும் இருபது களமும் உடைய நாடகத்தில் வாயிற்படியிலேயே நின்று மீளுதல் முறையாமோ?

எம்மூராகிய சேற்றூரில், இக்காலத்தார் சேத்தூர் என வழங்கும் ஊரில், அன்பர் சிலர் மாலைப்பொழுதிற் கூடி இந்நாடகத்தை முதலிலிருந்து படித்து வந்தனர். யானும் உடனிருந்தேன். எம்மூர்க்கு மேற்கே நிற்பது குடமலைத் தொடர். அதற்கு அப்பால் சேரநாடு. பாண்டியனும் சேரனும் பொருத கதையை அம்மலையடியில் இருந்து படித்தல் எங்கட்கு ஒரு தனியின்பமாயிற்று. ஐந்தாம் அங்கம் நடந்தபோது இளைஞர் ஒருவர், “ஐயா, சுந்தரமுனிவர் முற்றும் உணர்ந்தவர் என்கிறீர்கள். மனோன்மணியைப் பலதேவனுக்குக் கொடுக்க அரசன் துணிந்த அந்த இரவில் அவர் ஏன் வாய் திறக்கவில்லை? குடிலன் வஞ்சகன் என்று முதலிலேயே சொல்லி விலக்கியிருந்தால் போரே நிகழ்ந்திராதே?” என்று வினவினார். அப்பொழுது யான் விடை கூறவில்லை. நூலாசிரியர் கதையை முடித்தற்பொருட்டு அங்ஙனம் அமைத்தார் எனச் சொல்லித் தப்பியிருக்கலாம். அது விடையாகாது என்று மனம் உறுத்தியது. மீண்டும் இருமுறை நூலை ஓதியபின் தோன்றியவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

கதையை மறந்தார்க்கு நினைவூட்டுதல் வேண்டும். மதுரையிலிருந்த சீவகவழுதி, அமைச்சன் குடிலன் சொற்கேட்டுத் தலைநகரைத் திருநெல்வேலிக்கு மாற்றி, அங்கே அரிய கோட்டை ஒன்று எடுக்கிறான். குலகுருவாகிய சுந்தரமுனிவர் வந்தபோது அதன் அரணும் பொறியும் காட்டிப் பெருமிதம் கொள்கிறான். நிலையாமையை உணர்த்தும் முனிவர் சொல் அவன் செவியில் ஏறவில்லை. முனிவர் கோட்டையினுள் ஓர் அறையைக் கேட்டுப் பெற்று, அங்கிருந்து ஊர்ப்புறத்துள்ள தம் ஆசிரமம் வரையில் ஒருவரும் அறியாமற் சுருங்கை ஒன்று அமைக்கிறார். அரசன் மகள் மனோன்மணியும் சேரன் புருடோத்தமனும் ஒருவரை ஒருவர் கனவிற் கண்டு காதலுறுகின்றனர். மணத்தூதுக்கு நடராசனை விடுக்க என முனிவர் கூற, குடிலன் தன் மகன் பலதேவனை விடுக்கச் செய்கிறான். தூது போராய் முடிகிறது. பாண்டியன் தோற்றுக் கோட்டையுள் அடைபடுகிறான். மகளைச் சுருங்கை வழியே ஆசிரமத்திற் சேர்க்குமாறு முனிவர் கூறுகிறார். குடிலன் வலையில் வீழ்ந்த அரசன், அதற்குமுன் அவளைப் பலதேவனுக்கு மணஞ்செய்துவிடத் துணிகிறான். குடிலனோ அச்சுருங்கை வழியே வெளிப்போந்து, கோட்டையைச் சேரனுக்குக் காட்டிக்கொடுக்க முயல்கிறான். சேரன் அவனைத் தளையிட்டு, அவனையே முன்னிட்டு அவ்வழியே வந்து மணப்பந்தரை அடைகிறான். கனவிற் கண்டவனை நனவிற் கண்ட மனோன்மணி அவனுக்கு மாலை சூட்டுகிறாள்.

இது லிட்டன் பிரபு 1866-இல் வெளியிட்ட மிலேட்டஸ் நகரத்துக் கதைகளுள் ‘இரகசிய வழி’ என்னும் ஆங்கிலச் செய்யுட் கதையைத் தழுவியது. கனவுக் காதலும் மறைவழியும் அங்கே உள்ளன. குலகுருவும் அவர் மாணாக்கரும் நம் ஆசிரியர் சேர்த்தவை. இச்சேர்க்கையினாலேயே மேனாட்டுக் கதை சைவர் கருதத்தக்க நாடகமாயிற்று என்பது என் துணிபு. ஆதலின் முனிவர் மௌனத்தை ஆராய்தல் நாடகத்தின் உயிர்நிலையை ஆராய்தலாகும்.

இனி, இந்நாடகம் முழுவதும் ஓர் உருவகம் என்றும், சீவகன் சீவான்மா, குடிலன் மாயை, முனிவர் ஞானாசிரியர், கோட்டை உடம்பு என்றும் பெயர்தோறும் பொருள் விரிப்பார் உளர். பெயர்கள் அவ்வாறு அழைப்பது உண்மையே. ஆயினும் பெயரைப் பற்றிச் சென்றால் பாதி வழியில் நின்றுவிட நேரும். என்னை? மனோன்மனி என்பது வாமை முதலாக எண்ணப்படும் ஒன்பது சத்திகளுள் இறுதியில் நிற்கும் சத்தியின் பெயர். சதாசிவ மூர்த்தியின் பாகத்தமர்ந்தவள். சீவான்மா அவளை மகளாகப் பெறுதல் யாங்ஙனம்? உயிர் அருளைப் பெறும், அருளை ஈனாது. இனி, குடிலன் மாயையாயின், குடிலை என்பது நம் நூல்களிற் சுத்தமாயைக்குப் பெயர் ஆதலின், வஞ்சகனைச் சுத்தமாயையாக்கும் இடர்ப்பாடு நேரும். அன்றியும் மாயை உயிர்க்குப் பகை என்பது நம் கொள்கையன்று. ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு விடியுந்துணையும் ஏற்றிவைத்த கைவிளக்கு அது. குடிலன் யாருக்கு விளக்கு ஏற்றினான்? புருடோத்தமன் என்னும் பெயரைச் சிவத்திற்கு ஏற்ற முயல்வார் படும் பாட்டை யான் கூறவும் வேண்டுமோ! உருவகம் ஆங்காங்கு ஒளிவிடுகிறது. நூல் முழுதும் அதனைக் கட்டி இழுத்தல் தகாது. மாந்தரை மாந்தராகவே வைத்துக் காண்போம்.

முதற்கண் சீவகன். அவனைப் பேதை என்று ஒரு சொல்லில் ஒதுக்குவர். அங்ஙனமாயின் நாடகம் பயனற்றதாகும். அவன் போரில் அஞ்சாதவன், மகளிடத்து உருகுபவன், குருவைக் கண்டால் எழுந்து வணங்குபவன், தனக்கெனத் தீமை எண்ணாதவன். அவன்பால் உள்ள குற்றம் ஒன்றே: தான் தேர்ந்து தெளிந்தவன் என்று நம்புகிறான். கோட்டையை ‘என் கோட்டை’ என்கிறான். அமைச்சனை ‘என் அமைச்சன்’ என்கிறான். ஒன்றைக் குறை கூறினார் தன்னையே குறை கூறினார் என்று கொள்கிறான். நாராயணன் நேரிற் பலமுறை இடித்துரைத்தும் அது பொறாமையாகவே அவனுக்குப் படுகிறது. உமாபதி சிவனார் இருளையும் ஆணவத்தையும் ஒப்பிட்டு வேறுபடுத்தும் நுட்பம் ஈண்டு நினைக்கத்தக்கது. இருள் பிறபொருளை மறைப்பினும் தான் இருள் என்பதைக் காட்டி நிற்கும். ஆணவமோ தன்னையும் காட்டாது. குருடன் தான் குருடன் என்று அறிவான். கோல் கொடுத்தால் கொள்வான். சீவகன் தன் கண் தெளிவானது என்று நம்புகிறான். கோல் கொடுப்பாரைச் சினக்கிறான்.

குடிலன் இதனை அறிந்தவன். அவனுடைய தனிமொழிகளே இந்நூலிற் கூர்மை மிக்கவை என்று இலக்கியம் வல்லார் கூறுவர். சேக்ஸ்பியரின் ஒதெல்லோவில் வரும் இயாகோவை அவை நினைவூட்டும். ஆயினும் இருவர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. இயாகோ நல்லோன் உள்ளத்தில் இல்லாத ஐயத்தை விதைக்கிறான். குடிலன் புதிதாக எதனையும் விதைக்கவில்லை. அரசன் உள்ளத்தில் முன்னரே முளைத்திருந்த செருக்குக்கு நீர் வார்க்கிறான், அவ்வளவே. மதுரையை விடுத்தது குடிலன் சொல்லால். எனினும் ஆலவாய்க் கடவுள் வீற்றிருக்கும் நகரை விட்டு வேறோர் ஊரில் தன் பெயரால் அரண் எடுக்க வேண்டும் என்னும் ஆசை முன்னரே இல்லாதவனுக்கு அச்சொல் இனித்திராது. ஆகவே குடிலனை மலமென்று வைத்துச் சீவகனைத் தூயவனாக்குதல் நூற்கருத்துக்கு மாறு. மலம் சீவகன் உள்ளேயே உளது. குடிலனும் தன் மலத்தால் தான் கெட்டவன்.

நாராயணனைப் பற்றி ஒன்று கூறவேண்டும். உண்மையை நகைமொழியில் பொதிந்து சொல்லும் அவன் நாவுக்குப் பலர் மயங்குவர், யானும் மயங்கினவனே. அரசனைக் காக்கக் கோட்டைக் காவலை விட்டுச் சென்ற அவனே குற்றவாளியாக நிறுத்தப்படும் இடம் நூலில் நெஞ்சை வருத்தும் இடம். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. பயன்பட்டதோ ஒன்றுமில்லை. இதனை இளைஞர் கேட்ட வினாவோடு சேர்த்து நோக்குக. ‘குடிலன் வஞ்சகன்’ என்று வெளிப்படச் சொல்லும் பணியை ஆசிரியர் நாராயணனிடத்து ஒப்புவித்து, அதனால் விளைவது சொன்னவனுக்குத் தண்டமே என்று காட்டிவிட்டார். முனிவரும் அதனையே சொல்லியிருப்பின், சீவகன் வாயால் மறுத்திரான். வணங்கிக் கேட்டுப் பின்னே மறந்திருப்பான். முதல் அங்கத்தில் கோட்டையைக் குறித்து முனிவர் சொன்னதற்கு நேர்ந்த கதி அதுவன்றோ?

சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம் நமக்கெல்லாம் மனப்பாடம். வேடரிடை வளர்ந்த அரசன் மகனுக்குத் தந்தையே வந்து அவன் யாவன் என உணர்த்துவது போல, ஐம்புலனிடை அயர்ந்த உயிர்க்கு இறைவன் குருவாய் எழுந்தருளி உணர்த்துவான் என்பது அதன் கருத்து. ஆயின் அவ்வுணர்த்துதல் தவத்தின்கண் நிகழும் என்று மெய்கண்ட தேவர் வரையறை செய்திருத்தலை விரைந்து படிப்பார் விட்டுவிடுவர். சரியை முதலிய தவங்களாற் பக்குவப்பட்ட உயிரிடத்தே குருமொழி பயன்தரும். பக்குவம் வாராதவனிடத்துக் குரு என் செய்வார்? கைவிடுவாரோ? கைவிடார். சொல்லால் ஆகாததை வேறு வாயிலாற் செய்வார். அவ்வாயிலுக்குத் திரோதானம் என்று பெயர். மறைத்தல் எனினும், அதுவும் அருளே. மலத்தோடு உடன்நின்று அதனைத் தொழிற்படுத்தி, அதன் வலி கெடும்படி முதிர்விப்பது. மலத்தோடு கூடி நிற்றலின் அதனையும் மலம் என உபசரித்துக் கூறுவர் நம் ஆசிரியர்.

இந்நோக்குடன் ஐந்தாம் அங்கத்தை மீளவும் படித்தால், முனிவர் மௌனம் வேறு வடிவம் கொள்ளும். சுருங்கையை அமைத்தவர் முனிவர். அதனுட் புகுந்து வெளிப்போந்தவன் குடிலன். கோட்டையை அழிக்கச் சென்ற அக்கால்களே சேரனை மணப்பந்தருக்கு அழைத்து வந்தன. குடிலன் வஞ்சியாதிருந்தால் அவ்விரவில் மனோன்மணி பலதேவனுக்கு மனைவியாவாள். அவன் வஞ்சித்தமையால் தப்பினாள். தீமையைத் தடுத்து நிறுத்தியிருந்தால் அது மற்றொரு நாள் மற்றொரு வடிவில் முளைத்திருக்கும். தன் வழியே முற்றச் செல்லவிட்டபோது, தானே தளையுண்டு அரசன் கண்ணெதிரே வந்து நின்றது. நாராயணன் நாவால் மெய்ப்பிக்க முடியாததைக் குடிலன் காலே மெய்ப்பித்தது.

இதற்கு நம் வரலாற்றிலேயே உவமை உண்டு. சம்பந்தர் காலத்தை ஆராய்ந்த ஆசிரியர் உள்ளத்தில் அது இராமற்போயிருக்க இயலாது என எண்ணுகிறேன். அங்கும் பாண்டியன் ஒருவன், நெடுமாறன். அங்கும் ஓர் அமைச்சர், ஆனால் குலச்சிறையார். அங்கும் மாற்றார் வலையில் அகப்பட்ட மன்னவன். அவன் பொருட்டு மதுரைக்கு எழுந்தருளிய குரு. திருமடத்தில் வைத்த தீயைப் பிள்ளையார் அவித்தொழிக்கவில்லை. வைத்தவர் மேலும் ஏவவில்லை. மெல்லச் சென்று பாண்டியனைப் பற்றுமாறு அருளினார். மங்கையர்க்கரசியாரின் திருமாங்கலியத்தைக் காக்கவே ‘மெல்ல’ என்றார் எனச் சேக்கிழார் சுவாமிகள் அதற்குக் காரணமும் காட்டுவர். பகைவர் மூட்டிய தீயே வெப்பு நோயாய், அந்நோயே அரசனைத் திருநீற்றுக்கு ஆளாக்கிற்று. தீவினை அங்கே மருந்தாய் மாறியது போல, ஈண்டுக் குடிலன் வஞ்சம் வழியாய் மாறுகிறது.

சுருங்கை மண்ணுக்குள் மறைந்து ஓடுவது என்பதையும் நோக்குக. நடராசன் வழிநடையில் நாங்கூழ்ப் புழுவைக் கண்டு வியக்கும் பகுதியை அழகிய இயற்கை வருணனை என்று பாடநூலார் தனியே எடுத்துப் போடுவர். கண்ணுக்குப் புலனாகாமல் மண்ணுள் இருந்து, உண்டு உமிழ்ந்து நிலத்தைப் பண்படுத்தி, உழவன் அறியாமலே அவன் விளைவுக்கு உழைக்கும் அப்புழுவின் தொழிலும் முனிவர் தொழிலும் ஒன்றே. நிட்டாபரர் உலகைத் துறந்த நிட்டையைப் பேசுகிறார். கருணாகரர் உயிர்கள் படும் துயர் கண்டு இரங்குதலைப் பேசுகிறார். அவ்விருவர் வழக்கும் சொல்லளவில் நிற்க, ஆசிரியரோ பேசாமல் மண் அகழ்விக்கிறார். எப்பக்கம் அவர் சாய்வு என்று இதனாற் பெறப்படும்.

புருடோத்தமன் வஞ்சகன் காட்டிய வழியிற் சென்றது வீரனுக்கு அழகோ என்று ஓரன்பர் தடை எழுப்பினார். அவன் படையோடு கோட்டை கொள்ளச் சென்றிலன். இத்தகையோனை நம்பியிருக்கும் பாண்டியனுக்கு அவனைக் காட்டவே சென்றான். ஆதலின் குற்றமன்று.

மனோன்மணி பாத்திரத்தைக் குறித்து யான் பலரோடு வேறுபடுவேன். தந்தை பொருட்டுப் பலதேவனை ஏற்க அவள் உடன்படுதலைத் தியாகத்தின் எல்லை எனப் புகழ்வர். தோழி வாணியோ தந்தை சகடனும் அரசனும் ஒருங்கே வற்புறுத்தியும் நடராசனை அன்றிப் பிறனை எண்ணாள். இருவரையும் ஒருங்கு வைத்து நோக்கின், உயிரோட்டம் மிக்கவள் வாணியே. பட்டத்தரசி பெயரில் நூல் நிற்பினும், என் உள்ளத்தில் நிற்பவள் அவள்தான். கோல்ட்ஸ்மித்தின் ‘துறவி’ என்னும் ஆங்கிலப் பாட்டைத் தழுவிய சிவகாமி சரிதத்தை அவள் வாயிற் பாடவைத்தது பொருத்தம். ஆயின் அது நீண்டு நாடகத்தின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. மேடையேற்றுவார் இந்நூலைச் சுருக்கியும் மாற்றியும் கொள்வதற்கு இத்தகைய இடங்களும் காரணம். 1942-இல் மாடர்ன் தியேட்டர்ஸார் ‘மனோன்மணி’ என்று படமாக்கியபோது காதலும் போரும் முன்னே வந்தன. குருவின் சுருங்கை கதைக்கு ஒரு கருவியாக வந்ததேயன்றிக் கருத்தாக வரவில்லை.

நிற்க. இத்துணை கூறியபின், ஆசிரியர்பால் எனக்குள்ள மனக்குறையையும் கூறுதல் நடுவுநிலைமை. நெடுமாறன் வரலாற்றில் வெப்பு நோயின் வேதனை உண்டு. மருந்து பயன்படாத அலமரல் உண்டு. ஒருபுறம் தணிந்து ஒருபுறம் எரிந்த உடம்பிலேயே அவன் உண்மையை வேறுபடுத்தி அறிந்தான். பின்னரே நீறு பூசினான். பக்குவம் வந்தவாற்றை நாம் கண்ணாற் காண்கிறோம். சீவகனுக்கோ அவ்விடைவெளி இல்லை. தளையிட்ட குடிலனைக் காண்கிறான், மகள் மாலை சூட்டுவதைக் காண்கிறான், மங்கலம் ஒலிக்கிறது, திரை விழுகிறது. தன் சொல்லால் நாராயணன் கொலைத்தண்டத்துக்கு ஆளாக இருந்தான் என்பதை நினைத்து அவன் உருகுதற்கு ஆசிரியர் கொடுத்த இடம் மிகச் சிறிது. கோட்டையை ‘எனது’ என்றவன் வாயில் அச்சொல் ஒழிந்ததா என்று அறிய நமக்கு வழியில்லை. வெளியே இருந்த வஞ்சகன் பிடிபட்டான். உள்ளே இருந்தது யாதாயிற்று? திரோதானத்தின் தொழிலை இத்துணை நுட்பமாகக் காட்டிய பேராசிரியர், அதன்பின் நிகழவேண்டிய மலபரிபாகத்தை ஒரு களம் கூட்டியேனும் காட்டியிருக்கலாம். மணவிழாவோடு முடிக்கும் மரபு அவரை இழுத்துவிட்டது போலும்.

இவற்றை அடுத்த கூட்டத்தில் அவ்விளைஞரிடம் கூறினேன். பொறுமையாகக் கேட்டார். பின்னர், “அப்படியானால் முனிவர் பேசாதிருந்ததற்கு நாராயணன் உயிர் விலையாகியிருந்தால்?” என்றார். தண்டம் நிறைவேறுமுன் முனிவர் வந்து காத்தமையை எடுத்துக் காட்டினேன். அவர் புத்தகத்தைப் புரட்டி அவ்விடத்தை மீளவும் படிக்கத் தொடங்கினார்.